அந்தப் பதினோரு செகண்ட்!

1

உடம்பு குப்புறக் கிடந்தது.

முகம் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது!

காலை பத்தேகால் மணி. மாடிப்படியின் கடைசிப் படியிலிருந்து ரத்தம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே, மரக் கைப்பிடி இரண்டாக முறிந்து காற்றில் தொங்கியது.

முறியவில்லை... அறுக்கப்பட்டிருந்தது. ரம்பத்தின் பல் பதிந்த தடம் பளிச்சென்று தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பிணத்தின் அருகே உட்கார்ந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. முப்பது வருஷ சர்வீஸ். பிணம் பார்த்துவிட்டுப் போய் நிம்மதியாக டிபன் சாப்பிடக்கூடியவள்.

"மேடம்..." கான்ஸ்டபிள் ஓரடி பின்வாங்கினான். "இவன் ஏன் கண்ணை மூட மாட்டேங்கிறான்?"

"செத்தவன்கிட்ட கேள்வி கேக்கறியாய்யா?"

"இல்ல மேடம்... செத்தவங்களுக்குக் கண்ணு பாதி மூடியிருக்கும். இவன் முழிச்சு முழிச்சுப் பாக்கறான்!"

இன்ஸ்பெக்டர் பேனா முனையால் இமையைத் தொட்டாள். அசையவில்லை. அழுத்தினாள். தோலோடு பிய்ந்து வந்தது!

இரண்டு இமைகளும் புருவத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தன.

"கோந்து..." முகர்ந்து பார்த்தாள். "முந்தாநாள் அந்த டைரக்டர் வீட்லயும் இதே மாதிரிதான். அறுத்த கைப்பிடி, திருகின கழுத்து, ஒட்டின கண்ணு. இன்னிக்குக் கேமராமேன்."

"மேடம்! இந்தப் போஸை நான் பாத்திருக்கேன்!"

"எங்கே?"

"படத்துல! பதினாலு தடவ! படிக்கட்டுப் படம் மேடம்... பேய்ப் படத்துலயே நடிப்பாங்களே பேயக்கா, அவங்களோட முதல் படம்! கிளைமாக்ஸ்ல மாடில இருந்து விழுவாங்க. கழுத்து இப்படியே திரும்பிக்கும். கண்ணு மட்டும் தொறந்தே இருக்கும். பதினோரு செகண்ட்! தியேட்டர்ல எல்லாரும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவோம். பதினொண்ணுல அந்தக் கண்ணுல உயிர் போறது தெரியும் பாருங்க... அப்பா!"

கான்ஸ்டபிள் தன் முழங்கையை நீட்டிக் காட்டினான். மயிர்க்கால்கள் நட்டுக்கொண்டு நின்றன.

"அந்தப் படத்துக்கு டைரக்டர் யாரு?"

"முந்தாநாள் செத்தவர்."

"கேமரா?"

கான்ஸ்டபிள் காலடியில் கிடந்தவனைப் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் எழுந்தாள். "வண்டிய எடு. அந்தப் பேயக்கா இப்போ எங்க இருக்கா?"

2

ஸ்டூடியோவின் மேக்கப் அறை. கண்ணாடியைச் சுற்றிப் பதினாறு பல்புகள்.

நடுவில் வெந்துபோன முகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. கன்னத்தில் தோல் உருகி வழிந்து, பல்வரிசை வெளியே தெரிந்தது. எல்லாம் ரப்பர்.

"உக்காருங்க மேடம்," என்றது அந்த முகம் இனிமையாக. "பயப்படாதீங்க. பழகிடும்."

இருபத்திரண்டு வருடங்கள். இருபத்தாறு படங்கள். பத்தொன்பதில் செத்திருக்கிறாள். ஆறில் பேயாக வந்து கொன்றிருக்கிறாள். ஒன்றில் இரண்டும்.

முதல் படம் வெளியானபோது மூன்றே நாட்கள்தான் ஓடியது. போஸ்டரை மாடு தின்றது. பிறகு ஏதோ ஒரு மூலைத் தியேட்டரில் காலைக் காட்சியாகப் போட்டார்கள். கல்லூரிக்கு மட்டம் போட்டவர்கள் பார்த்தார்கள். அடுத்த வாரம் நண்பர்களை இழுத்து வந்தார்கள். அப்புறம் கேசட். அப்புறம் அவள் படம் போட்ட பனியன். அந்த வெந்த முகத்தை முதுகில் பச்சை குத்திக்கொண்டவர்கள்கூட உண்டு.

ஒரு படத்திலும் அவள் சொந்த முகத்தைக் காட்டியதில்லை. பேட்டி கொடுத்தாலும் முகமூடியோடுதான். விளம்பரத் தந்திரம் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

இப்போது படிக்கட்டுப் படத்தின் இரண்டாம் பாகம். அதே டைரக்டர், அதே கேமராமேன், அதே படிக்கட்டு. டைரக்டர் செத்தும் ஷூட்டிங் நிற்கவில்லை. உதவி டைரக்டர் அவருடைய தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டுவிட்டார்.

இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். "இது என்ன கோந்துன்னு சொல்ல முடியுமா?"

அவள் முகர்ந்தாள். உடனே சொன்னாள்.

"தாடி, மீசை ஒட்டற கோந்து. இதோ, என் கன்னத்துலயும் இதான். எங்க கிடைச்சுது?"

"உங்க கேமராமேன் கண் இமையில."

ரப்பர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் மடியிலிருந்த கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"அவருமா..."

"அடுத்தது நீங்கன்னு எனக்குத் தோணுது. அந்த ஷாட்டை எடுத்தவங்க ரெண்டு பேரும் போயாச்சு. நடிச்சவங்க ஒருத்தர்தான் பாக்கி. இப்போ சொல்லுங்க. அந்தப் பதினோரு செகண்ட்ல என்ன இருக்கு?"

ரப்பர் முகம் கண்ணாடியின் பக்கம் திரும்பிக்கொண்டது.

"நான் போனப்புறம் சொல்லணும்னு நினைச்சீங்கன்னா, கேக்க ஆள் இருக்காது. சொல்லவும் ஆள் இருக்காது!"

அவள் எழுந்து போய் அறைக் கதவைத் தாழிட்டாள். திரும்பி வந்தாள்.

"அது நடிப்பு இல்ல மேடம்."

"புரியல..."

"அந்தக் கண்ணுல உயிர் போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களே... நெஜமாவே போச்சு. அது விபத்து. செத்தது டூப்புன்னு கம்பெனி ரெக்கார்டுல இருக்கு. எனக்குப் பதிலா விழறதுக்குன்னு வந்த பொண்ணு. பத்தொம்பது வயசு. அந்தத் துண்டைப் படத்துல வெச்சு ரிலீஸ் பண்ணிட்டாங்க."

இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக் உறையை மேஜையில் அறைந்தாள்.

"ஒரு சாவை டிக்கெட் போட்டுக் காட்டியிருக்கீங்க! நீங்களும் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கீங்க!"

"ஆமா."

"அந்தப் பொண்ணுக்குக் குடும்பம்?"

"அம்மா. அப்புறம்... ஒரு தம்பி. அஞ்சு வயசு."

"அப்போ அஞ்சுன்னா இப்போ இருபத்தேழு. சரியான வயசு! எங்க இருக்கான்?"

"தெரியல மேடம். சத்தியமா தெரியல."

"கோந்து மேக்கப் ரூம்ல இருந்துதான் போயிருக்கு. ஆள் உங்க யூனிட்டுக்குள்ளதான் இருக்கான். நான் யூனியன் ஆபீஸ் போய் எல்லாரோட விவரத்தையும் பாக்கறேன்." இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்தாள். "நீ இங்கயே இரு. இவங்க பக்கத்துல ஒரு ஈகூட வரக் கூடாது!"

"நான் இருக்கேன் மேடம்!" என்றான் கான்ஸ்டபிள், பேயக்காவின் ஆட்டோகிராஃபை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தபடியே.

3

மதியம் ஒரு மணி. கேமராமேன் செத்த சேதி வந்தும், யூனிட் முழுவதும் வெளியே பந்தலில் சாப்பிட உட்கார்ந்துவிட்டது.

"அக்கா, ஹார்னஸ் ஒரு தடவ செக் பண்ணிடலாமா? அஞ்சே நிமிஷம்."

ரோப்பு நின்றுகொண்டிருந்தான். ஸ்டன்ட் குழுவில் கயிறு பிடிப்பவன். அதனாலேயே அந்தப் பெயர். மூன்று மாதமாக அவளை அந்தரத்தில் தூக்கி, சுழற்றி, ஒரு கீறல் விழாமல் இறக்கியவன்.

"நீ சாப்பிடலையா தம்பி?"

"உங்களை முடிச்சுட்டுச் சாப்பிடறேன்க்கா."

கான்ஸ்டபிள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். "எனக்கு டீ வாங்கிக் குடுத்த ரோப்பா? போய்ட்டு வாங்கக்கா. கதவுகிட்ட நான் இருக்கேன்."

உள்ளே ஆளில்லாத செட். நடுவில் இருபதடி உயரப் படிக்கட்டு. உச்சியில் மரத் தளம், ஒரு செட் மேஜை, கைப்பிடி. மேலே இரும்புச் சட்டத்தில் கப்பி. அதன் வழியாகக் கயிறு.

இருவரும் உச்சிக்கு ஏறினார்கள். ரோப்பு கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்புப் பெல்ட்டில் மாட்டிக்கொண்டான். மறுமுனையை அவள் தலைக்கு மேல் கொண்டுவந்தான்.

"தம்பி, அது இடுப்புக்கு வரணும்..."

"தெரியும்."

அக்கா என்ற வார்த்தை காணாமல் போயிருந்தது!

அவள் திரும்புவதற்குள் சுருக்கு கழுத்தில் விழுந்தது. ரோப்பு நாலு படி கீழே குதித்தான். அவன் எடை கயிற்றை இழுத்தது.

விசுக்!

அவள் பாதங்கள் தரையை விட்டு எழும்பின. சுருக்குக்குள் மூன்று விரல்களை எப்படியோ நுழைத்துவிட்டாள். நகங்கள் கழுத்தைக் கிழித்தன. கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் பறந்தன.

அவன் நெருங்கி வந்தான். வந்தவன் முகத்தில் அவள் முழங்கால் இறங்கியது.

மளுக்!

மூக்கெலும்பு. ரத்தம் பீறிட்டது. கயிறு தளர்ந்தது. அவள் தொப்பென்று விழுந்து, தவழ்ந்து, செட் மேஜையிலிருந்த பாட்டிலை எட்டிப் பிடித்தாள். முழுப் பலத்தோடு அவன் மண்டையில் அடித்தாள்.

பாட்டில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

ரோப்பு ரத்தம் வழியும் உதட்டை நக்கிக்கொண்டு சிரித்தான்.

"அது சக்கரைப்பாகுல செஞ்சது. சினிமா பாட்டில். நேத்து நானே ஒண்ணைக் கடிச்சுத் தின்னேன்!"

அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். விடவில்லை. சதை வாயோடு வந்தது. அவன் அலறிக்கொண்டே அவள் தலையைப் படியில் மோதினான். ஒரு முறை... இரண்டு முறை... பல் ஒன்று தெறித்துப் படிகளில் உருண்டோடியது.

அப்போதுதான் அவள் கத்தினாள்.

இருபத்தாறு படங்களில் கத்தியதை எல்லாம் சேர்த்து ஒரே கத்தலாக!

"வீ...ல்!"

வெளியே பந்தலில் எல்லோரும் ஒரு நொடி கையை நிறுத்தினார்கள்.

"ரிகர்சல் பாக்கறாங்க," என்றார் சவுண்ட் என்ஜினியர். "என்ன ஒரு குரல்! இதை ரெக்கார்ட் பண்ணாம விட்டுட்டோமே..."

வாசலில் கான்ஸ்டபிள் கண் கலங்கக் கை தட்டினான்.

ரோப்பு அவளைத் தலைமுடியைப் பிடித்து உச்சிப் படிக்கு இழுத்தான். கைப்பிடியில் முதுகைச் சாய்த்தான். அது லேசாக ஆடியது. ஏற்கெனவே அறுத்து வைத்திருந்தான்!

"ஏன்... ஏன் தம்பி..."

"தம்பின்னு கூப்பிடாதே! அப்படிக் கூப்பிட எனக்கு ஒருத்தி இருந்தா. அஞ்சு வயசுல எங்க வீட்டுக்கு ஒரு பெட்டி வந்துச்சு. ஆணி அடிச்ச பெட்டி. தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எங்கம்மா அந்தப் பெட்டி மேல தலைய முட்டி முட்டியே பைத்தியமா செத்தா!"

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"போன வருஷம் ஒரு லைட்மேன் கிழவர் சாகற நேரத்துல என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். பயம் நெஜமா வரணும்னு கைப்பிடிய அறுத்து வெச்சது டைரக்டர். ஃப்ரேம்ல தெரியுதுன்னு கீழ இருந்த மெத்தைய நகர்த்தச் சொன்னது கேமராமேன். எங்கக்கா விழுந்து துடிச்சா. ஒருத்தனும் கட் சொல்லல! பதினோரு செகண்ட் ஓட விட்டாங்க! பக்கத்துலயே நின்னு பாத்தவ நீ! பெரிய ஹீரோயின்! அந்தச் சாவை வெச்சே இருபத்திரண்டு வருஷம் சோறு தின்னுருக்கே!"

கைப்பிடி கிறீச்சிட்டது.

"எண்ணு! ஒண்ணு... ரெண்டு..."

"வா..." நசுங்கிய தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "வாத்து..."

ரோப்பு எண்ணுவதை நிறுத்தினான்.

"என்ன சொன்னே?"

"வாத்து... இடது காலு... கட்டைவிரலும் பக்கத்து விரலும்... ஒட்டியிருக்கும்... வாளித் தண்ணிய அந்தக் காலால அடிப்பே... குவாக் குவாக்னு கத்திக்கிட்டு..."

"அத உனக்கு யாரு சொன்னா?" அவன் அவளைப் பிடித்து உலுக்கினான். "சொல்லுடி! யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அந்தக் கால தேச்சுக் குளிப்பாட்டினதே நான்தானேடா!"

ரோப்பு அவள் கன்னத்து ரப்பரை விரல்களால் பிடித்துக் கிழித்தான். கோந்தோடு தோலும் பிய்ந்தது. அவள் அசையாமல் நின்றாள்.

வெந்த முகம் கையோடு வந்தது.

அடியில், ரத்தமும் கண்ணீருமாக அவனுடைய அம்மாவை உரித்துவைத்த முகம் இருந்தது!

அவன் கைகள் தாமாகக் கீழே விழுந்தன. அவள் சுருக்கைத் தளர்த்தித் தலைக்கு மேலே கழற்றி எறிந்தாள்.

"அப்போ... பெட்டில வந்தது?"

"ஹீரோயின். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே உடை, ஒரே வெந்த முகம். அன்னிக்கு எனக்குக் கால் சுளுக்கு. நின்னு பயப்படற ஷாட்தானே, நீ உக்காருன்னு சொல்லிட்டு அவளே போய் நின்னா. பத்தடி தள்ளி இருந்த லைட்மேனுக்கே யாருன்னு தெரியல. ஹீரோயின் செத்தா படம் செத்துடும், டூப்பு செத்தா ரெண்டு நாள் லீவுன்னான் அந்த டைரக்டர். அவளை என் பேர்ல பெட்டில போட்டான். என்னை அவ பேர்ல நாற்காலில உக்கார வெச்சான். வாயத் திறந்தா, அவளை அங்க நிக்க வெச்சது நீதான்னு உள்ள தள்ளிடுவேன்னான். எனக்குப் பத்தொம்பது வயசுடா!"

"ஏன் வரல?" அவன் ஐந்து வயதுக் குழந்தையைப் போலக் கேட்டான். "ஒரு தடவகூட ஏன் வரல?"

"வந்தேன். ஒன்றரை வருஷம் கழிச்சு. வீடு பூட்டியிருந்தது. எங்க போனீங்கன்னு யாருக்கும் தெரியல. தேடினேன்..." அவள் நிறுத்தினாள். "அப்புறம் பேர் வந்துடுச்சு. கைதட்டல் வந்துடுச்சு. தேடறதைக் குறைச்சுக்கிட்டேன். அதுதான் நெஜம். உன்கிட்டப் பொய் சொல்லக் கூடாது."

ரோப்பு தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்ணில் காலையில் கொன்றவனின் ரத்தம் காய்ந்திருந்தது.

"ரெண்டு பேரைக் கொன்னுட்டேனே... உயிரோட இருக்கற அக்காவுக்காகவா? அப்போ நான் யாருக்காகக் கொன்னேன்?"

"அவளுக்காக. அந்த ஹீரோயின் அநாதை விடுதில வளந்தவ. ஏன்னு கேக்க ஒரு நாதி இல்ல. அவளுக்கும் ஒரு தம்பி இருந்தான்னு நெனச்சுக்க..."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக உடைந்தது.

கீழே கதவு படாரென்று திறந்தது!

"அசையாதே!" இன்ஸ்பெக்டர் துப்பாக்கியோடு ஓடி வந்தாள். பின்னால் வாயைப் பிளந்தபடி கான்ஸ்டபிள். "ஸ்டன்ட் யூனியன்ல உன் அம்மா பேரைப் பாத்துட்டேன்! செத்துப்போன டூப்போட அம்மாவும் அவதான்! கைய மேல தூக்கு!"

ரோப்பு கையைத் தூக்கவில்லை. அக்காவைப் பார்த்தான்.

"வலிக்குதாக்கா?" என்றான்.

அடுத்த நொடி அறுத்த கைப்பிடியின் மேல் தன் முழு எடையையும் சாய்த்தான்.

படார்!

கைப்பிடியோடு அவன் வெளியே போனான். பெல்ட்டில் மாட்டிய கயிறு கப்பியின் வழியாகச் சீறிக்கொண்டு ஓடியது. சுருக்கு முனை பாம்பைப் போல அவளைத் தாண்டியது.

பாய்ந்து பிடித்தாள்!

டூப்பாக இருந்தவள். கயிற்றைப் பிடிப்பது கைக்குத் தெரியும். ஆனால் கையுறை இல்லை. உள்ளங்கைத் தோல் கயிற்றோடு உரிந்து போனது. எரிந்த நாற்றம் வந்தது. தோள்பட்டை கழன்றது. அவள் எஞ்சிய கம்பத்தில் காலை முட்டுக் கொடுத்துக் கயிற்றைப் பல்லாலும் கவ்வினாள்.

கீழே அவன் படிக்கட்டின் விளிம்பில் மோதினான். முழங்கால் எலும்பு வெளியே எட்டிப் பார்த்தது. தரைக்கு ஓரடி மேலே தலைகீழாகத் தொங்கினான்.

"விடுக்கா!" என்று கத்தினான். "விட்டுடு!"

"மாட்டேன்டா!" கயிற்றைக் கடித்த பற்களுக்கு நடுவிலிருந்து வார்த்தைகள் பிதுங்கின. "ஒரு தடவ விட்டது போதும்!"

4

மறுநாள் காலை. ஆஸ்பத்திரி.

பேயக்காவின் இரண்டு கைகளிலும் பந்து போலக் கட்டு. கழுத்தில் பட்டை. முன்பல் ஒன்று இல்லை. முகத்தில் ரப்பர் இல்லை. நர்ஸ் முதல் வார்டுபாய் வரை ஒருவருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை.

"அவன் எப்படி இருக்கான் மேடம்?"

"பிழைச்சுட்டான். கால்ல கம்பி வெச்சிருக்காங்க. ரெண்டு கொலை. வெளிய வர வருஷக்கணக்காகும்."

"பாக்க விடுவாங்களா?"

"ஜெயில்ல விடுவாங்க. ரத்த சொந்தம்னு எழுதிக் குடுக்கணும்." இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அதுக்கு முன்னாடி உங்க மேலயும் கேஸ் இருக்கு. அடுத்தவ பேர்ல வாழ்ந்திருக்கீங்க. ஒரு சாவை மறைச்சிருக்கீங்க."

"எல்லாத்தையும் சொல்லிடறேன். அவ பேரை முதல்ல அந்தக் கல்லறைல சரியா எழுதணும். அப்புறம் எங்க வேணா கூட்டிட்டுப் போங்க."

இன்ஸ்பெக்டர் ஃபைலைப் புரட்டினாள். புரட்டியவள் நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இங்கதான் எனக்குத் தலை சுத்துது! ரெக்கார்டுப்படி நீங்க செத்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. கண்ணுக்கு முன்னாடி உயிரோட உக்காந்திருக்கீங்க. உங்க பேரை நான் எதுல எழுத? செத்தவங்க லிஸ்ட்லயா, சாட்சி லிஸ்ட்லயா?"

அவள் பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தாள்.

"ரெண்டுலயும் எழுதுங்க மேடம்! இருபத்தாறு படம் நடிச்சும் ஒருத்தன்கூட எனக்கு டபுள் ரோல் குடுத்ததில்ல!"